உடல் தேறிய பின் எந்த வண்டி?

எங்கள் எலும்பு மூட்டு மருத்துவப் பிரிவின் புறநோயாளர் அறையில், "வலி எப்போது போகும்?" என்பதற்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படும் கேள்வி, "வண்டி எப்போது ஓட்டலாம், டாக்டர்?" என்பதுதான். மாவுக்கட்டுப் பிரித்த அன்றே கேட்பவர்கள் உண்டு. அறுவை அரங்கிற்குத் தள்ளுபடுக்கையில் செல்லும்போதே கேட்டவர்களும் உண்டு. இக்கேள்வியை நாங்கள் எளிதாக எண்ணுவதில்லை. அதிகாலையில் பால் ஊற்றப் போகிறவர், சாந்துச் சட்டியையும் மட்டக்கோலையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் கொத்தனார், தவணை வசூலிப்பவர், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பணிக்கு விரையும் தாய் ஆகிய அனைவருக்கும் இருசக்கர வாகனமே கையும் காலும். வண்டி நின்றால் வருமானமும் நிற்கும்.

ஆயினும் அது பாதிக் கேள்வியே என்பது எங்கள் கருத்து. மீதிப் பாதி, "எந்த வண்டியை ஓட்டலாம்?" என்பது. இதை நோயாளிகள் கேட்பது அரிது. மருத்துவர்களாகிய நாங்கள் எடுத்துச் சொல்வதும் அரிது. முறிந்த காலுக்கு ஊன்றுகோலின் உயரத்தை அளந்து தருகிறோம். முதுகு வலிக்கு மெத்தை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் அமர்ந்து செல்லும் வண்டியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. காயத்திற்குப் பின் உடலுக்கு இசைவான வண்டியைத் தேர்ந்தெடுப்பது சொகுசும் ஆகாது, தோல்வியும் ஆகாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி. இதை வலியுறுத்தவே இக்கட்டுரை.

ஐந்தடிச் சரிவில் நேர்ந்தது

இக்கருத்து எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. ஐம்பது வயதைக் கடந்த வணிகர் ஒருவர், வலது கணுக்கால் முறிவுக்கு எங்களிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதவாறு இதை எழுதுகிறோம். தகடு பொருத்தி, முறையாகப் பயிற்சி அளித்து, நான்காம் மாதம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "இருசக்கர வாகனம் ஓட்டலாம்" என்று சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். அவரும் மகிழ்ச்சியோடு சென்றார்.

இரண்டு வாரங்களில் அவர் மீண்டும் வந்தார். இம்முறை வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. நெடுஞ்சாலையில் ஏதேனும் மோதியதா என்று கேட்டோம். இல்லை, தம் வீட்டு வாசலில் விழுந்திருக்கிறார். தெருவிலிருந்து வாசலுக்கு ஏற்றப்பட்ட ஐந்தடி நீளச் சிமெண்டுச் சரிவில், வண்டியின்மேல் அமர்ந்தபடியே பின்னோக்கி இறக்கியிருக்கிறார். வண்டி 350 சிசி வகையைச் சேர்ந்தது; எடை 190 கிலோவுக்கு மேல். அது வலப்பக்கம் சாய்ந்தபோது, நான்கு மாதங்களாக உழைக்காத கணுக்கால் தாங்கவில்லை. கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது.

அவர் வேகமாகச் செல்லவில்லை, விதி எதையும் மீறவில்லை, எங்கள் அறிவுரையையும் மீறவில்லை. தவறு எங்கள் சீட்டில் இருந்தது. நாங்கள் எலும்பைப் பார்த்தோம். அந்த எலும்பு எதைத் தாங்கப் போகிறது என்று கேட்கவில்லை. "என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் அதை எங்கே நிறுத்துவீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் இரண்டாவது முறிவைத் தவிர்த்திருக்கலாம்.

எலும்பு கூடுவதும் உடல் தேறுவதும்

எக்ஸ்ரே படம் எலும்பை மட்டுமே காட்டும். கட்டுப் போட்டிருந்த காலத்தில் மெலிந்துபோன தசையையோ, இறுகிப்போன மூட்டையோ, மந்தமாகிவிட்ட சமநிலை உணர்வையோ அது காட்டாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் பாதம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று நாம் அறிவது, மூட்டுகளிலும் தசைநார்களிலும் உள்ள நுண்ணுணர்வினால். கணுக்காலிலோ முழங்காலிலோ காயம் பட்டால் அவ்வுணர்வும் குன்றும். பயிற்சியால் மட்டுமே அது திரும்பும்.

வலது கணுக்கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கார் பிரேக்கை மிதிக்க ஆகும் நேரம் இயல்பு நிலைக்குத் திரும்ப அறுவைக்குப் பின் சுமார் 9 வாரங்கள் ஆயின என்று கண்டறிந்தனர். அது நான்கு சக்கர வாகனத்தில், அமர்ந்த நிலையில் செய்யப்பட்ட சோதனை. இருசக்கர வாகனத்தில் பிரேக் மிதிப்பதோடு வேலை முடிவதில்லை. வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் அதைக் காலால் தாங்கவும் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. கால் அரை நொடி தாமதித்தால் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்விடும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அந்த ஐந்தரை மீட்டர் மிகப் பெரிது.

எனவே, எலும்பு கூடிய நாளுக்கும் உடல் முழுமையாகத் தேறும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் இருக்கின்றன. சிலருக்கு அந்த இடைவெளி வாழ்நாள் முழுவதும் சிறிதளவு நீடிக்கும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது வண்டியின் தேர்வுதான்.

எந்தக் காயத்திற்கு எது இசைவானது?

"ஸ்கூட்டருக்கு மாறிவிடுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்வது வழக்கமாக இருக்கிறது. அது எல்லாக் காயத்திற்கும் பொருந்தாது. எந்த உறுப்பு காயப்பட்டதோ, அந்த உறுப்புக்கு எந்த வண்டி என்ன வேலை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கணுக்காலும் பாதமும். நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் கியர் மாற்றுவது இடது கால். பின் பிரேக்கை மிதிப்பதும், உதைத்துக் கிளப்புவதும் வலது கால். கியரில்லாத ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் இரு பிரேக்குகளும் கையில் இருக்கின்றன. கியர் வேலை இல்லை. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். ஆகவே, எந்தக் கணுக்கால் முறிந்திருந்தாலும் முதல் சில மாதங்களுக்கு இவையே நல்லவை. இடது கால் பலவீனமானவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும். இடது ஓரத்தில் வண்டியை நிறுத்தும்போது இடது காலுக்குத் தரை சற்று எட்டத்தில் இருக்கும். எடையும் அக்காலின் மேலேயே விழும்.

அடுத்து மணிக்கட்டும் கையும். இடது மணிக்கட்டு முறிந்தவருக்குக் கிளட்ச்தான் சோதனை. நெரிசல் மிகுந்த கடைவீதியில் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அதை எத்தனை முறை இழுத்துப் பிடிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கிளட்ச் இல்லாத வண்டி அவருக்குப் பெரிய நிம்மதி. வலது மணிக்கட்டு முறிந்தவருக்கு ஆக்சிலரேட்டர் முறுக்குவதும் முன் பிரேக் பிடிப்பதும் கடினம். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில், ஏபிஎஸ் வசதியோ, இரு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கும் இணைப்பு பிரேக்கோ இருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் கட்டாயம். இணைப்பு பிரேக் உள்ள ஸ்கூட்டர்களில் இடது கைப் பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கரமும் ஓரளவு பிடிக்கும். இது ஒரு துணைதான். வலது கையால் முன் பிரேக்கை உறுதியாகப் பிடிக்க இயலாதவர் இன்னும் சாலைக்கு வரலாகாது.

பந்தய வண்டி போன்ற தோற்றமுடைய மோட்டார் சைக்கிள்களில் கைப்பிடி தாழ்ந்திருக்கும். ஓட்டுபவரின் மேலுடல் எடையில் ஒரு பங்கு மணிக்கட்டுகளின்மேல் விழும். மணிக்கட்டு முறிவு கண்டவர்களும், விரல்கள் மரத்துப்போகும் நரம்பு அழுத்தம் உள்ளவர்களும் அவற்றைத் தவிர்ப்பது நலம். தோள்பட்டையிலோ காறை எலும்பிலோ காயம் பட்டவர்களுக்குத் தாழ்ந்த கைப்பிடி ஆகாது. தோளுக்கு மேலே உயர்ந்த கைப்பிடியும் ஆகாது. முழங்கை இலேசாக மடங்கி, கை தோளுக்குக் கீழே தளர்வாக இருக்கும் உயரமே சரியானது.

முழங்கால் முறிவுக்குப் பின் பலருக்குக் கால் முழுமையாக மடங்குவதில்லை. கால்வைப்பான் உயர்ந்தும் பின்னோக்கியும் அமைந்த வண்டிகளில் முழங்காலை நன்கு மடக்கியே அமர வேண்டும். அரை மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். கால்களைச் சற்று முன்னே நீட்டி அமரும் தாழ்ந்த இருக்கை வண்டிகளும், பாதத்தை முன்பின் நகர்த்த இடமுள்ள ஸ்கூட்டரின் கால்தளமும் இவர்களுக்கு இசைவானவை. இடுப்பு மூட்டில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, வண்டியின்மேல் காலை வீசி ஏறுவதே ஆபத்தான அசைவு. நடுவில் திறப்புள்ள ஸ்கூட்டரில் காலை வீசாமலே ஏறி அமரலாம். ஆனால் மிகத் தாழ்ந்த இருக்கை இடுப்பை அளவுக்கு மீறி மடக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதுகுக்கு ஸ்கூட்டர் எப்போதும் நல்லதா?

பலர் தவறாகப் புரிந்துகொள்வது முதுகைப் பற்றித்தான். சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், டிஸ்க் எனப்படும் முதுகெலும்பு இடைத்தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், சாய்மானமின்றி அமர்ந்தால் ஏறத்தாழ 140, முன்குனிந்து அமர்ந்தால் ஏறத்தாழ 185 என்பது அவருடைய கணக்கு. பின்னர் வேறு கருவிகளால் அளந்தவர்கள், சாதாரணமாக அமர்வதற்கும் நிற்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டனர். ஆனால் முன்குனிந்து அமர்ந்தால் அழுத்தம் மிகுகிறது என்பதில் இரு தரப்பினரும் ஒத்துப்போகின்றனர். ஆகவே, முதுகு வலி உள்ளவருக்குக் குனிந்து ஓட்டும் வண்டி கூடாது. நிமிர்ந்து அமரும் வண்டியே வேண்டும்.

இரண்டாவது அதிர்வு. அமர்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 6 முறை மேலும் கீழும் குலுங்கும் அதிர்வுக்குத்தான் மிகுதியாக ஆட்படுகிறது. குண்டும் குழியுமான சாலையில் செல்லும் வாகனங்களில் இத்தகைய குலுக்கலே அதிகம். ஸ்கூட்டர்களின் சக்கரங்கள் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம். மோட்டார் சைக்கிள்களுடையவை 17 அல்லது 18 அங்குலம். சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கி ஏறும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தை ஓரளவு தாண்டிச் செல்லும்.

மூன்றாவதாக, கால் வைக்கும் இடம். சாதாரண மோட்டார் சைக்கிளில் பாதங்கள் ஏறக்குறைய உடலுக்குக் கீழே இருக்கும். வேகத்தடை வருவதைக் கண்டதும் கால்களை ஊன்றி இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழலாம். அதிர்ச்சியை முழங்கால்கள் ஏற்றுக்கொள்ளும். ஸ்கூட்டரிலும், கால் முன்நீட்டி அமரும் வண்டியிலும் அவ்வாறு எழுவது கடினம். அடி முழுவதும் வால் எலும்பு வழியாக முதுகுக்கு ஏறும்.

எனவே, நல்ல நகரச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் செல்லும் முதுகு வலிக்காரருக்கு ஸ்கூட்டர் போதும். பழுதான கிராமச் சாலையில் நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் செல்பவருக்கு, நிமிர்ந்து அமரத்தக்க, எடை குறைந்த 100 அல்லது 125 சிசி மோட்டார் சைக்கிளே பெரும்பாலும் மேலானது. முதுகுக்காகச் சொன்ன அதே வண்டி கணுக்காலுக்கு ஆகாது. கணுக்காலுக்குச் சொன்னது முதுகுக்கு ஆகாது. அண்டை வீட்டாருக்கு எது ஒத்துக்கொண்டது என்று கேட்டு முடிவு செய்வதில் உள்ள சிக்கல் இதுவே.

எடையும் உயரமும்

எந்தக் காயமாயினும் பொதுவாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: வண்டியின் எடை, இருக்கையின் உயரம். 350 சிசி வண்டிகள் பலவும் 180 முதல் 195 கிலோ வரை எடையுள்ளவை. 100 சிசி மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 110 கிலோ. 110 சிசி ஸ்கூட்டர் அதைவிடச் சற்றுக் குறைவு. 100 சிசி மொபெட் 90 கிலோவுக்கும் குறைவு. ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. வண்டி தானே நிமிர்ந்து ஓடும். நிறுத்தும்போதும், திருப்பும்போதும், சரிவில் தள்ளும்போதும்தான் தெரியும். எங்கள் வணிகருக்கு நேர்ந்ததைப் போல, ஓட்டம் தொடங்குமுன்பே விழுந்தவர்களை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இருக்கையின் உயரம் விற்பனைக் கையேட்டில் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இருக்கை அகலமாக இருந்தால் கால்கள் விரிந்து, தரை எட்டாது போகும். வழக்கமாக அணியும் செருப்புடன் அமர்ந்து பாருங்கள். காயம்பட்ட காலின் உள்ளங்கால் முழுவதும் தரையில் பதிய வேண்டும். நுனிவிரலால் தாங்குவது போதாது.

மின் ஸ்கூட்டர்களில் சில, மெதுவாகப் பின்னோக்கி நகரும் வசதியோடு வருகின்றன. முதுகு வலி உள்ளவர்களுக்கும், வாசற்சரிவு உள்ள வீட்டுக்காரர்களுக்கும் இது பயன் தரும். நீங்கள் வாங்க எண்ணும் வண்டியில் அவ்வசதி உள்ளதா என்று கேட்டறியுங்கள்.

வாங்குமுன் திருத்திப் பாருங்கள்

இதைப் படிப்பவர்களுள் பலர், "மருத்துவச் செலவே கழுத்தை நெரிக்கிறது, இதில் புதிய வண்டி எங்கே வாங்குவது?" என்று எண்ணக்கூடும். நியாயமான எண்ணமே. வண்டியை விற்றாவது மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் இருக்கும் வண்டியை உடலுக்கேற்பத் திருத்திப் பார்க்கலாம்.

பல மோட்டார் சைக்கிள்களில் பின்பக்க ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இருவர் செல்வதற்காக இறுக்கி வைத்ததைத் தனியாகச் செல்பவர் தளர்த்தினாலே குலுக்கல் குறையும். டயரில் காற்றை வண்டியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடைத்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச், பிரேக் பிடிகளைச் சற்றுக் கீழே திருப்பி, மணிக்கட்டு வளையாமல் விரல்கள் எட்டும்படி அமைக்கலாம். கிளட்ச் கேபிள் பழுதாகி இறுகியிருந்தால் மாற்றலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உள்ளமுங்கிப்போன இருக்கைக்குப் புதிய பஞ்சு வைத்துத் தைக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவதை முதுகு வலிக்காரர்கள் விட்டுவிட்டு, சைடு ஸ்டாண்டைப் பயன்படுத்தலாம். இவை அனைத்தையும் உள்ளூர் மெக்கானிக்கே ஒரு நாளில் செய்து தருவார். இவ்வளவும் செய்த பின்னரும் வலி நீடித்தால் வண்டியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

மாற்றுவதென்று முடிவு செய்தால், விற்பனைக் கூடத்தின் வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா வண்டியும் சுகமாகவே இருக்கும். வலி இருபது நிமிடத்திற்குப் பிறகுதான் பேசத் தொடங்கும். உறவினரிடமோ நண்பரிடமோ அதே வகை வண்டி இருந்தால் ஒரு காலைப்பொழுது இரவல் வாங்கி, நீங்கள் அன்றாடம் செல்லும் சாலையிலேயே, வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் எழும்போது உடல் என்ன சொல்கிறது என்பதையும் கேளுங்கள்.

கௌரவமும் அச்சமும்

இத்தனை சொன்ன பின்னரும் மாற மறுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய தயக்கம் பெரும்பாலும் உடலைப் பற்றியதன்று. "பொம்பளைங்க ஓட்டுற வண்டியில நான் போறதா, சார்?" என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். இருபது ஆண்டுகளாக ஒரே வகை வண்டியின் ஒலியோடு தம் அடையாளத்தைப் பிணைத்துக்கொண்டவருக்கு, அதை விடுவது தம்மில் ஒரு பகுதியை விடுவதைப் போன்றது. அந்த வருத்தத்தை நாங்கள் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் ஒன்றைச் சொல்வோம். கண் பார்வை குறைந்தால் கண்ணாடி அணிகிறோம். அதனால் யாரும் நம்மைக் குறைத்து எண்ணுவதில்லை. கால் குறைபட்டால் வண்டியை மாற்றுவதும் அத்தகையதே. இது நிரந்தரமாகவும் இருக்க வேண்டியதில்லை. ஓராண்டு எளிய வண்டியில் சென்று, தசை பலம் திரும்பிய பின் பழைய வண்டிக்கு மீண்டவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, குடும்பத்தாரின் அச்சமும் நோயாளியை முடக்கக்கூடும். "இனிமே வண்டிய தொடவே கூடாதுன்னு சொல்லுங்க, டாக்டர்" என்று மனைவியரும் தாய்மாரும் எங்களிடம் தனியாக வந்து கேட்பதுண்டு. விபத்து நடந்த இரவில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தவர்களுக்கு அந்த அச்சம் வருவது இயல்பு. ஆயினும், உழைத்துப் பழகியவரை வீட்டில் அமர்த்திவிட்டால் அவர் மனம் சோர்கிறது. பயிற்சியில் நாட்டம் குறைகிறது. சில வேளை யாருக்கும் தெரியாமல் பழைய கனத்த வண்டியையே எடுத்துச் செல்கிறார். "ஓட்டவே கூடாது" என்பதைவிட "இந்த வண்டியை, இந்தத் தொலைவு வரை, பகலில் மட்டும்" என்பது கடைப்பிடிக்கக்கூடிய அறிவுரை. அந்த முடிவைக் குடும்பமாக அமர்ந்து எடுங்கள்.

காயம்பட்டவர் பின்னிருக்கையில் செல்பவராக இருந்தால் அவரையும் மறந்துவிடக் கூடாது. ஒருபக்கமாக அமர்ந்து செல்லும்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் மற்றொரு திசையிலும் திரும்பியிருக்கும். முதுகிலோ இடுப்பிலோ காயம் பட்ட பெண்கள், இயன்றவரை இருபுறமும் கால் போட்டு, கைப்பிடியைப் பற்றி அமர்வதே பாதுகாப்பு. அதற்கேற்ற உடை அணிவதை வீட்டுப் பெரியவர்கள் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சாலைக்குத் திரும்புமுன்

வண்டி எதுவாயினும், சாலைக்கு வருமுன் சிலவற்றை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். சுவரருகே நின்று, காயம்பட்ட காலில் மட்டும் பத்து நொடி நிற்க முடிகிறதா? நின்றிருக்கும் வண்டியில் வலியின்றி ஏறி இறங்க முடிகிறதா? பிரேக்கை முழு வலுவுடன் சட்டெனப் பிடிக்க முடிகிறதா? வண்டியைப் பத்தடி தள்ளி, திருப்பி நிறுத்த முடிகிறதா? இவற்றுள் ஒன்றுக்கு "இல்லை" என்பது விடையானால் இன்னும் சில வாரம் பொறுங்கள். நரம்பு வலிக்காகத் தரப்படும் பிரிகாபலின், கபாபென்டின் போன்ற மாத்திரைகளும், டிராமடால் போன்ற வலி மருந்துகளும் உறக்கத்தையும் தலைசுற்றலையும் உண்டாக்கக்கூடியவை. அவற்றை உட்கொள்ளும் காலத்தில் வண்டி ஓட்டலாமா என்பதை எங்களிடம் கட்டாயம் கேளுங்கள். தலைக்கவசம் கழுத்தை வலிக்கச் செய்கிறது என்று கழற்றி வைக்காதீர்கள். எடை குறைந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஒன்றைத் தேடுங்கள்.

ஒரு காலின் இயக்கத்தை நிரந்தரமாக இழந்தவர்களுக்கும் பாதை அடைபட்டுவிடவில்லை. பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு பதிவு செய்து ஓட்டலாம். தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தகுதியுள்ளோருக்கு இத்தகைய இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களை வழங்கும் திட்டத்தைக் கொண்டுள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் பெறலாம். ஒப்புதலின்றித் தெருமுனைப் பட்டறையில் சக்கரம் பொருத்திக்கொண்டால், பின்னர் காப்பீட்டுத் தொகை கோரும்போது இடர் நேரும்.

அந்த வணிகரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறோம். அவருடைய மணிக்கட்டும் கூடிவிட்டது. கனத்த வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு, கியரில்லாத ஸ்கூட்டர் ஒன்றில் இப்போது கடைக்குச் சென்று வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் ஓட்ட, பின்னிருக்கையில் அமர்ந்து பழைய வண்டியின் ஒலியைக் கேட்டுக்கொள்வதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் பிரிவிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். "வண்டி ஓட்டலாம்" என்று இப்போது நாங்கள் தனியாக எழுதுவதில்லை; எந்த வண்டி, எத்தனை தொலைவு, எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, எக்ஸ்ரே படத்தோடு உங்கள் வண்டியின் புகைப்படம் ஒன்றையும், அதை வீட்டில் நிறுத்தும் இடத்தின் புகைப்படம் ஒன்றையும் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.